தானிகாரி அணைக்கு வெளிமீன் வேண்டாம்

அந்தமானின் அபர்டீன் பஜாரிலும் அதைச் சுற்றியும் வாழும் தூண்டில்கார நண்பர்களுக்கு,

தங்கூஸ் நரம்பும் முள்ளும் ஈயக்குண்டும் வாங்கிக்கொண்டு, வேலை முடிந்த மாலையில் கடலோரம் போய் நிற்கும் உங்களுக்காகத்தான் இந்த மடல். மீன் பிடித்து விற்றுப் பிழைக்கும் தொழிலாளிகளின் கணக்கு வேறு. தூண்டிலைப் பொழுதுபோக்காகவும் ஒரு கலையாகவும் எண்ணுகிறவர்களோடு மட்டும் பேசுகிறேன். ஊட்டிக்கு அந்தப் பக்கம் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகளின் கரையில் நின்று ட்ரவுட் பிடிக்கும் காட்சிகள் இன்று எல்லார் கைப்பேசியிலும் ஓடுகின்றன. மூடுபனி, புல்வெளிச் சரிவு, வளைந்து துடிக்கும் கம்பு, விலாவில் ரோஜா நிறப் பட்டை ஓடும் மீன். பார்க்கிற தூண்டில்காரருக்கு, ‘நம்மிடமும் ஓர் அணை இருக்கிறதே, தானிகாரியில் ட்ரவுட் மாதிரி மல்லுக்கு நிற்கும் மீன் ஒன்றை விட்டால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணம் ஒரு மனுவாகவோ, பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வரும் மீன்குஞ்சுகளாகவோ மாறுவதற்கு முன்பே அது தவறு என்று சொல்லிவிட வேண்டும். அணைக் கரையில் தூண்டில் போடும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசைக்காக வெளியிலிருந்து ஒரு மீனைக் கொண்டுவந்து நம் தீவின் நன்னீரில் விடுவதை மட்டும் எதிர்க்கிறேன்.

முதலில் ட்ரவுட்டின் பிறப்பைப் பார்ப்போம். நம் பஜாரின் பெயரைத் தாங்கிய ஸ்காட்லாந்து நகரம் டீ, டான் என்ற இரண்டு ஆறுகள் கடலைச் சேரும் இடத்தில் இருக்கிறது. அங்கே பிரவுன் ட்ரவுட் மண்ணின் மீன். நீலகிரியில் பிடிபடும் ரெயின்போ ட்ரவுட்டுக்கோ, வட அமெரிக்காவின் பசிபிக் கரையும் ரஷ்யாவின் கம்சாத்காவும்தான் பூர்வீகம். குளிர்ந்த, ஓடுகிற, பிராணவாயு நிறைந்த நீர் இந்த இனங்களின் உயிர்நாடி. பத்து டிகிரி குளிர்ச்சியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 28 டிகிரி வெப்பத்தில் அது 8 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். இருபது டிகிரியைத் தாண்டினாலே ரெயின்போ ட்ரவுட் தள்ளாடத் தொடங்கும். இருபத்தைந்தைத் தாண்டி நீடித்தால் செத்து மிதக்கும். நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அந்தமானின் மிக உயர்ந்த சிகரமான திக்லிபூர்ப் பக்கத்துச் சேடில் பீக் வெறும் 732 மீட்டர். நம் தீவில் ட்ரவுட் குடியேற ஓர் ஓடைகூட இல்லை என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். இது யாருக்கும் புதிய செய்தி இல்லை. ‘ட்ரவுட் மாதிரி’ என்று பேச்சு தொடங்குவதும் அதனால்தான். அந்த ‘மாதிரி’ என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது.

நீலகிரியில் ட்ரவுட் எப்படி நிலைத்தது என்று தெரிந்துகொண்டால், அணைக் கரைத் தூண்டில் என்பது எத்தனை பெரிய ஏற்பாட்டின் மேல் நிற்கிறது என்பது புரியும். 1860-களில் ராணுவ மருத்துவரான பிரான்சிஸ் டே என்பவர் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் பொரிக்க வைக்க முயன்றார். அந்த முயற்சி கைகூடவில்லை. இதே பிரான்சிஸ் டே பின்னர் நம் தீவுக் கடலின் மீன்களைப் பற்றியும் எழுதினார். 1870-களில் வந்த ‘இந்திய மீன்கள்’ என்ற பெருநூல் அவருடையது. நீலகிரிக்குப் பலன் கிடைத்தது 40 ஆண்டுகள் கழித்து, எச்.சி. வில்சன் காலத்தில். 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. ரெயின்போ ட்ரவுட் முட்டைகள் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல இடங்களிலிருந்து வந்தன. இலங்கை என்றால் நுவரெலியா மலைப்பக்கம். தாயகம் திரும்பிக் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நம் மக்கள், முன்பு கொழுந்து பறித்த மலைநாடு அது. இதற்கெல்லாம் முன்பே 1879-ல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்துவிட்டது. யார் பிடிக்கலாம், எப்போது பிடிக்கலாம் என்ற கட்டுப்பாடு அந்த மலையில் மீனுக்கு முன்பே வந்து காத்திருந்தது.

பொரிப்பகத்தில் நடப்பதைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில், முட்டை முற்றிய பெண்மீனை ஈரத்துணியில் பிடித்து, வயிற்றின் மேல் கட்டைவிரலை வைத்து முன்துடுப்பிலிருந்து வால் பக்கமாக மெல்ல நீவுவார்கள். பட்டாணியைவிடச் சற்றே சிறிய, ஆரஞ்சு நிற முட்டைகள் சரசரவென்று உலர்ந்த கிண்ணத்தில் கொட்டும். ஆண்மீனின் விந்தை அவற்றின்மேல் பீய்ச்சி, இறகால் மெதுவாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் தண்ணீர் சேர்ப்பார்கள். முட்டைகள் தட்டுகளில் பரப்பப்பட்டு, இடைவிடாமல் ஓடும் குளிர்நீரில் கிடக்கும். நீர் பத்து டிகிரியில் இருந்தால் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குள் வெளுத்துப்போன முட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய வேண்டும். ஒன்றில் பிடித்த பூஞ்சை தட்டு முழுவதும் பரவிவிடும். பொரித்த குஞ்சு மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு சில வாரம் கிடக்கும். அது தீர்ந்த பிறகு கையால் தீனி. இத்தனையும் தாண்டி விரல் நீளம் வளர்ந்த குஞ்சுதான் அணைக்குப் போகிறது. தேங்கி நிற்கும் அணைநீரில் ட்ரவுட் முட்டை பொரிக்காது. அதற்குச் சரளைக்கல் படுகையும் அதன் ஊடே ஓடும் நீரும் வேண்டும். அணைக்கு மேலே அப்படிப்பட்ட ஓடை இருந்தால் மீன் எதிரேறிப் போய் முட்டையிடும். இல்லையென்றால் ஆண்டுதோறும் குஞ்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். படத்தில் நாம் பார்க்கும் அந்த வளைந்த கம்புக்குப் பின்னால் ஒரு பொரிப்பகம், ஓர் அலுவலகம், ஓர் அனுமதிச்சீட்டு, நூறு ஆண்டு உழைப்பு எல்லாம் நிற்கின்றன.

கரையில் நிற்கும் வேலையும் லேசானதில்லை. அணை என்பது மூழ்கிப்போன பள்ளத்தாக்கு. கனடாவின் உதவியோடு வந்த குந்தா நீர்மின் திட்டம் அவலாஞ்சி, எமரால்டு பள்ளத்தாக்குகளில் நீரைத் தேக்கியபோது, பழைய ஓடைத்தடம், மேடு, சரிவு எல்லாம் அடியில் அப்படியே கிடந்தன. ட்ரவுட் அந்தப் பழைய ஓடைத்தடத்தின் விளிம்பை ஒட்டித்தான் உலவும். விடிகாலையில் கரையோர ஆழமற்ற நீருக்கு வந்து பூச்சிகளைப் பொறுக்கும். வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். காற்று கரையை நோக்கி வீசும் பக்கத்தில் பூச்சிகள் ஒதுங்குவதால் மீனும் அங்கே வரும். மின்நிலையத்துக்காக நீரைத் திறந்து மட்டம் இறங்கினால் நேற்றைய இடம் இன்று சேறு. இதையெல்லாம் கண்ணால் படித்துத் தெரிந்துகொள்வதில்தான் அந்தத் தூண்டிலின் சுவை இருக்கிறது. மீன் அதில் பாதி மட்டுமே. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சுவையை வேறு நீரில், வேறு மீனிடம் பெற முடியும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

இப்போது ‘மாதிரி’ என்ற சொல்லுக்கு வருவோம். வெப்ப நீரில் பிழைத்து, தூண்டிலை ஆவேசமாகக் கடித்து, பொரிப்பகமே தேவைப்படாமல் பெருகும் மீன் எது? சந்தையில் கிடைப்பவை திலாப்பியா என்கிற ஜிலேபி, சாதாக்கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி, நட்டர் என்று விற்கப்படும் பாக்கு. பட்டியலைப் பார்த்தாலே தெரியும், ட்ரவுட்டைவிட இவை பல மடங்கு முரட்டு இனங்கள். ட்ரவுட்டுக்குக் குளிர் என்ற கடிவாளம் இருந்தது. நீலகிரியில் மலையை விட்டு இறங்கினால் அது செத்துவிடும். ஜிலேபிக்கு அப்படி ஒன்று கிடையாது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த அந்த மீன் இன்று தமிழ்நாட்டில் நுழையாத ஏரி குறைவு. தாய்மீன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாற்றுவதால் பிழைப்பு விகிதம் அதிகம்; உப்புநீரும் அதற்குப் பழக்கம். சாதாக்கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. சேற்றைக் கிளறித் தின்னும் அதன் பழக்கம் நீரைக் கலக்கி நீர்ச்செடிகளைப் பிடுங்கிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க நாடு முழுவதும் தடை இருப்பதற்குக் காரணம் அதன் பெருந்தீனி. இமாச்சலத்தின் கோவிந்த சாகர் அணையில் 1971-ல் வெள்ளத்தில் பண்ணையிலிருந்து தப்பி நுழைந்த வெள்ளிக்கெண்டை, சில ஆண்டுகளில் வலையில் விழும் மீனில் பெரும்பங்காகி, கட்லாவை ஒதுக்கித் தள்ளியது. யாரும் திட்டமிட்டு விடவில்லை. ஒரே ஒரு வெள்ளம் போதுமானதாக இருந்தது.

ட்ரவுட்டையே எடுத்துக்கொண்டாலும், அது போன இடமெல்லாம் நல்லபிள்ளையாக இருந்துவிடவில்லை. உலகின் மிக மோசமான 100 படையெடுப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் ரெயின்போ ட்ரவுட், பிரவுன் ட்ரவுட் இரண்டுமே இருக்கின்றன. அதே பட்டியலில் ஜிலேபியும் சாதாக்கெண்டையும் உண்டு. நம் வீட்டுத் தோட்டத்தை மேயும் ஆப்பிரிக்க நத்தையும் உண்டு. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் பெரும்பாலானவை முன்பு மீனே இல்லாதவையாக இருந்தன. தூண்டில்காரர்களுக்காக அங்கே ட்ரவுட் விட்டார்கள், விமானத்திலிருந்துகூடக் கொட்டினார்கள். அந்த ஏரிகளில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த மஞ்சள்கால் மலைத்தவளைகள் அதன்பின் அருகிப்போயின. ஆய்வாளர்கள் சில ஏரிகளிலிருந்து ட்ரவுட்டை வலைபோட்டு முழுவதும் அகற்றியபோது, அந்த ஏரிகளில் தவளைகள் மீண்டும் பெருகின. மீனைச் சேர்த்தபோது சரிந்தது, எடுத்தபோது எழுந்தது. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: சிறிய மலை ஏரியில் வலைபோட்டு அகற்ற முடிந்ததைக் காடு சூழ்ந்த ஓர் அணையில், அதில் இறங்கும் நாலாக்கள் என்னும் ஓடைகள் எல்லாவற்றிலும் செய்ய முடியாது.

நம் சொந்தத் தீவின் கதை இதைவிட அழுத்தமானது. ஆப்பிரிக்க நத்தை ஜப்பானியர் ஆண்ட 1942-45 காலத்தில் வந்தது. 80 ஆண்டுகளாக அதைப் பொறுக்கி உப்புப் போட்டுக் கொன்றுகொண்டிருக்கிறோம். புள்ளிமானை பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்டார்கள். அதைத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாத தீவில் அது பெருகி, காட்டின் இளங்கன்றுகளை முளைக்கவிடாமல் மேய்கிறது. மரம் வெட்டும் நிறுவனம் 1962-ல் கைவிட்டுப் போன யானைகள் இன்டர்வியூ தீவின் காட்டை மாற்றிவிட்டன. ஆனால் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது நத்தையையோ மானையோ பற்றி இல்லை. மழைக்காலத்தில் மஞ்சள் நிறம் ஏறி, கன்னப் பைகள் நீலமாய்ப் புடைக்கக் கத்தும் அந்தப் பெரிய தவளையைப் பற்றித்தான். மெயின்லேண்டின் வயல்களில் சர்வசாதாரணமான அது அந்தமானின் உயிரினம் இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இங்கே வந்து, சில ஆண்டுகளிலேயே தீவு தீவாகப் பரவியது. கிராமம் கிராமமாகப் போய், எந்த ஆண்டு முதல் இதைப் பார்க்கிறீர்கள் என்று மக்களைக் கேட்டு ஆய்வாளர்கள் அதன் பாதையை வரைந்தார்கள். அது வந்த வழியாக அவர்கள் சுட்டுவது மீன் வளர்ப்பை. குளத்தில் விடுவதற்காக மெயின்லேண்டிலிருந்து தருவிக்கப்பட்ட மீன்குஞ்சுகளோடு கலந்து வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மீன்குஞ்சு வரும் பையைப் பார்த்திருப்பீர்கள். பாதி தண்ணீர், பாதி பிராணவாயு ஊதிய காற்று, ரப்பர்பேண்ட் போட்டு இறுக்கிய வாய், உள்ளே ஆயிரக்கணக்கில் நெளியும் கண்ணும் வாலும். அதில் எது கட்லா, எது ரோகு, எது தலைப்பிரட்டை என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? தலைப்பிரட்டைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் விட முடியவில்லை. அந்தத் தவளையின் தலைப்பிரட்டை மற்ற தலைப்பிரட்டைகளைத் தின்னும். அந்தமானின் உள்ளூர்த் தவளை இனங்களின் தலைப்பிரட்டைகளோடு அதை ஒரே தொட்டியில் விட்டுச் சோதித்து, அதன் முடிவை 2019-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்: உள்ளூர்த் தலைப்பிரட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. வளர்ந்த தவளையோ பல்லி, தவளை, கோழிக்குஞ்சு என்று வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்குகிறது. இத்தனைக்கும் காரணம் கெட்ட எண்ணம் கொண்ட யாரோ ஒருவர் இல்லை. வீட்டுக் குளத்தில் நாலு மீன் வளர்க்க நினைத்த நல்ல மனிதர்கள்தான். நீங்களும் நல்ல மனிதர்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அணைக்காக ஒரே ஓர் இன மீனைத்தான் கொண்டு வருகிறோம் என்று நினைப்போம். பையில் இருக்கும் நீர், அந்த நீரில் இருக்கும் புழு, ஒட்டுண்ணி, நோய்க்கிருமி, தலைப்பிரட்டை எல்லாம் அதனோடு கப்பலேறும்.

சரி, தானிகாரியில் காப்பாற்ற அப்படி என்னதான் இருக்கிறது, அது மனிதன் கட்டிய அணைதானே என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்து எதிர்த்தரப்பு வாதத்தின் வலுவான பகுதியும் இதுதான். 1970-களில் போர்ட் பிளேரின் தாகத்துக்காகக் கட்டிய தேக்கம் அது. இயற்கை ஏரி இல்லை. ஆனால் அணைதான் செயற்கை, அதில் வந்து சேரும் நாலாக்கள் செயற்கை இல்லை. கடல் நடுவே நிற்கும் தீவின் நன்னீர் மீன்கள் பெரிய நிலப்பரப்பின் மீன்களைப் போன்றவை அல்ல. கெண்டையும் கெளுத்தியும் ஆறு வழியாக இங்கே வந்திருக்க முடியாது. பெரும்பாலும் கடலைத் தாண்ட முடிந்தவையே வந்தன. பாறையில் ஒட்டி வாழும் உளுவை இனங்களில் சில, நாலாவில் முட்டையிடும். பொரித்த குஞ்சு நீரோட்டத்தில் கடலுக்குப் போய், அங்கே கொஞ்சம் வளர்ந்து, மீண்டும் நன்னீரைத் தேடி எதிரேறும். வயிற்றடியில் இருக்கும் உறிஞ்சுத் துடுப்பால் ஈரப்பாறையைப் பற்றிப் பற்றி, அருவியையே ஏறிவிடும் அந்தச் சுண்டுவிரல் மீன். கொடுவாயும் குஞ்சுப் பருவத்தில் ஓடைகளுக்குள் நுழைந்து வளர்ந்து, முட்டையிடக் கடல்முகத்துக்குத் திரும்பும். நம் நாலாக்கள் இப்படிக் கடலுக்கும் காட்டுக்கும் நடுவே போய்வரும் பாதைகள். அந்தப் பாதையின் மேல்முனையில் பெருந்தீனிக்கார மீன் ஒன்றை நிறுத்தினால், ஏறி வருவதெல்லாம் அதன் வாய்க்குள்தான் போகும். வெள்ளத்தில் மறுகால் வழிந்து கீழே இறங்கினாலோ, நாலா முழுவதும் அதன் ஆட்சி.

நம்மிடம் என்ன இருக்கிறது என்பதையே இன்னும் நாம் முழுதாகக் கணக்கெடுக்கவில்லை என்பது இன்னொரு காரணம். விரால் தெரியாத தமிழர் இல்லை. அந்த விரால் குடும்பத்தில் அந்தமானுக்கே உரிய சிறு இனம் ஒன்றை 2018-ல்தான் அறிவியல் உலகம் தனி இனமாக அடையாளம் கண்டு சன்னா ராயி என்று பெயரிட்டது. அதைக் கண்டறிந்த குழுவில் நம் ஊர் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பிரான்சிஸ் டே நம் மீன்களைப் பற்றி எழுதி ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆன பிறகும், காலடி நாலாவில் நீந்திய ஒரு விராலுக்குப் பெயர் இல்லாமல் இருந்திருக்கிறது. இன்னும் எத்தனை அப்படிக் கிடக்கின்றனவோ. பெயர் வைப்பதற்கு முன்பே ஜிலேபிக்கு இரையாக்கிவிட்டால், தொலைத்தது என்ன என்றுகூட நமக்குத் தெரியாது.

குடிநீரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோடையில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று குடம் வைத்துக் காத்திருக்கும் வீடுகள் உங்களுடையவை. சேற்றைக் கிளறும் மீன், அதற்குப் போடும் தீனி, கரையில் கொட்டும் மாவு உருண்டை, அறுந்து கிடக்கும் நரம்பு, மிதித்துச் சரியும் மண் எல்லாம் அந்தக் குடத்துக்கே வந்து சேரும்.

‘ஏற்கெனவே ஊர்க் குளங்களில் கட்லா, ரோகு வளர்க்கிறோமே, ஜிலேபியும் சில இடங்களில் இருக்கிறதே, இனி ஒன்று வந்தால் என்ன கெட்டுவிடும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக் குளம் கரை கட்டியது. அதன் சொந்தக்காரர் வலை போட்டு அரித்தெடுக்க முடியும், வற்றவிட முடியும். அணையை வற்றவைத்துத் துடைக்க முடியாது. வற்றினால் ஊரே தவிக்கும். கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் தேங்கிய நீரில் தானாகப் பெருகாத மீன்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்ட வெளி இனங்கள் இன்னொன்றுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. வீட்டில் ஒரு மூலையில் கரையான் இருக்கிறது என்பதற்காக மற்ற மூலைக்கும் கொண்டுபோய் விடுவோமா?

‘அரசே முறையாக, ஆய்வு செய்து, நீலகிரியைப் போல நடத்தினால்?’ என்பது அடுத்த கேள்வி. நீலகிரியில் ட்ரவுட் விட்ட காலத்தில் படையெடுப்பு உயிரினம் என்ற கருத்தே பிறக்கவில்லை. விட்டவர்களைப் பழிப்பதில் பொருளில்லை. இன்றைக்கு நமக்குத் தெரியும். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், படையெடுக்கும் அயல் உயிரினங்களைக் கொண்டுவருவதையும் பரப்புவதையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்குத் தரப்பட்டிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் அப்படிப் போகும்போது, பொழுதுபோக்குக்காக எதிர்ப்பக்கம் இழுக்க நாம் மனு எழுதுவது அழகில்லை. நீலகிரியின் முன்மாதிரியில் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு: பிடிப்பதற்கு அனுமதியும் அளவும் பருவமும் வைத்த ஒழுங்கு. அதை எடுத்துக்கொள்வோம், மீனை வேண்டாம் என்று விட்டுவிடுவோம்.

சுற்றுலா வரும், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தமானுக்குத் தூண்டிலோடு வருகிறவர் எதைத் தேடி வருகிறார்? ஜி.டி. என்று அவர்கள் செல்லமாக அழைக்கும் பெரும்பாறையை, கலவாயை, சீலாவைத் தேடி வருகிறார். நம்முடையது மிக நீண்ட கடற்கரை. எந்த அணையிலும் எந்த மீனை விட்டாலும் அந்தக் கரை தரும் தூண்டிலுக்கு ஈடாகாது. ஜிலேபி பிடிக்க யாரும் சென்னையிலிருந்து விமானம் ஏறமாட்டார்கள், செம்பரம்பாக்கத்திலேயே கிடைக்கும்.

அணைக்கரைத் தூண்டிலின் சுவை நீரைப் படிப்பதில் இருக்கிறது என்று முன்பு சொன்னேன். நம் கரையில் படிப்பதற்கு இருக்கும் பாடம் அதைவிடப் பெரிது. ஏற்றம் தொடங்கி முதல் ஒரு மணி நேரத்தில் கிரீக் வாய்க்குள் மடவைக் கூட்டம் நுழைய, அதன் பின்னாலேயே கொடுவா வருவது. அலையாத்தி வேர்களின் நிழலில் செப்பிலி பதுங்கியிருப்பது. அமாவாசை, பௌர்ணமியில் ஓட்டம் வலுத்து, அட்டமி நவமியில் தளர்வது. கொடுவா பல ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன்; உங்கள் கையில் விழும் பெரிய கொடுவா பெரும்பாலும் லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய். அதை ஈரக்கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, நீருக்குள் தலையை நிறுத்திப் பிடித்து, அது வாலை உதறிக் கிளம்பும்வரை காத்திருப்பதும் தூண்டில் கலையில் சேர்ந்ததுதான். சமையலுக்கு நடுத்தர அளவு மீன் போதும். வண்டூர் கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் கூடாது என்பதும், கிரீக் கரையில் முதலை இருப்பதால் அந்தி சாய்ந்தபின் நீரோரம் குந்தக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்தவை; புதிதாய் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். தானிகாரியில் மீன் விடச் சொல்லி மனு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வடக்கு அந்தமானின் கல்போங் அணைக்கும் இதுவே பொருந்தும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்து பெருத்துவிட்ட மீனை நாலாவில் கொண்டுபோய் விடாதீர்கள். மிச்சமான உயிர் இரையைக் கரையில் கவிழ்க்காதீர்கள். மெயின்லேண்டிலிருந்து மீன்குஞ்சு தருவிக்கும் நண்பர் இருந்தால், பையை வெள்ளைத் தட்டில் ஊற்றி, தலைப்பிரட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குளத்தில் விடச் சொல்லுங்கள். அணைக்கரையில் யாராவது பையின் வாயை அவிழ்ப்பதைக் கண்டால் அருகே போய்த் தடுங்கள், மீன்வளத்துறைக்கு அன்றே சொல்லுங்கள். நாலாவில் விழுந்த மீனை மறுநாள் யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

அன்புடன்,
உங்களைப் போல் தூண்டிலை நேசிக்கும் ஒருவர்